பாதைக்கு ஓய்வு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பால் திரிந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார். நான் பாலை வெயிலில் வைப்பவளா? பாக்கெட்டை அவர் மேசை மேல் வைத்தேன். வேறு பாக்கெட் கொடுத்தார்.

நாளை பூங்காக் குழுக் கூட்டம். என் கணவர் இருந்தவரை அந்த நாற்காலி அவருடையது. அவர் போன பிறகு மரியாதைக்காக என்னை வரச்சொன்னார்கள். நான் நிஜமாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். அதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மேல் ஏரிக்குப் போகும் பாதைதான் நாளைய விஷயம். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. வளைவுக்கு வளைவு குறுக்கே ஏறித் தடம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தடங்களில் புல் இல்லை, வேர் வெளியே தெரிகிறது. மழை பெய்தால் மண் நேராக ஓடையில் இறங்குகிறது. நேற்று முன்தினம் போனபோது ஓடை டீத்தண்ணி நிறத்தில் இருந்தது.

குறுக்கே ஏறுகிறவர்களில் முதல் குற்றவாளி என் வீட்டிலேயே இருக்கிறாள். அவருடைய தங்கை. ஊருக்கெல்லாம் தையல்காரம்மா, அவருக்கு மட்டும் வாத்து. சிறு வயதிலிருந்து தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டாள். அவர் போன பிறகு அவளை அப்படிக் கூப்பிட நான் ஒருத்திதான் மிச்சம். எழுபது வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறாள். மேலே போய் நின்று, "அண்ணி, நான் கால நனைச்சு, காய வெச்சு, தூங்கி எந்திரிக்கிறேன். நீங்க சட்டப்படி சுத்தி வாங்க" என்கிறாள்.

நான் சட்டப்படி சுற்றித்தான் போனேன்.

மார்ச் 4, புதன்

பாதையை இரண்டு வருடம் மூடுவது என்று முடிவாயிற்று. என் கையால்.

பூங்கா அதிகாரி சின்னப் பெண். காலணியில் சேறு இருந்தது. சேறு படிந்த காலணியோடு வரும் அதிகாரிகளை எனக்குப் பிடிக்கும். படங்களைக் காட்டி, இரண்டு மழைக்காலம் ஓய்வு கொடுத்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்றாள். ஓட்டக்காரர் (மலையில் ஓடும் கூட்டத்தின் தலைவர், தினம் ஒரு நிறத்தில் காலணி போடுவார்) எழுந்து, "பாதைன்னா மிதிக்கத்தானே மேடம்?" என்றார். வாசலில் கடை வைத்திருக்கும் டீக்கடைக்காரருக்குக் கோபம். "ரெண்டு வருஷம் பாதை தூங்கும். நான் என்ன பண்றது, பக்கத்துல உக்காந்து தாலாட்டு பாடறதா?" ஓய்வுபெற்ற மண் ஆய்வாளரும் பள்ளித் தலைமையாசிரியரும் மூடலாம் என்றார்கள். இரண்டுக்கு இரண்டு. அதிகாரிக்கு ஓட்டு இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு நிபந்தனையோடு கையைத் தூக்கினேன். மூடினால் எல்லோருக்கும் மூட வேண்டும். விலக்கு என்று யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கிடையாது. எழுத்தில் வேண்டும். முன்பு அனுமதிச் சீட்டு இருந்த காலத்தைப் பார்த்தவள் நான். மந்திரியின் மச்சான் போவார், டாக்டரின் மாமியார் போவார், சீட்டு இல்லாதவன் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பான். ஆளைப் பார்த்து இலை போடும் வேலை எனக்கு ஆகாது.

"ரொம்ப நெருக்கடின்னு யாராவது வந்தா என்னம்மா பண்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எல்லோருடைய நெருக்கடியும் அவரவருக்கு ரொம்பத்தான்" என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நன்றாகச் சொன்னேன் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வாத்திடம் சொன்னபோது வாயில் குண்டூசி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்: "நல்ல வேளை அண்ணி. உங்களை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருந்தா ஏரியையே சுருட்டி உள்ள வெச்சுப் பூட்டிடுவீங்க."

மார்ச் 7, சனி

பலகைக்கான வாசகத்தை அதிகாரி கொண்டுவந்தாள். 'பொதுமக்கள் தங்களது மேலான ஒத்துழைப்பினை நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று ஒரு பக்கம். யார் யாரைக் கேட்டுக்கொள்கிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்:

இந்தப் பாதை ஓய்வில் இருக்கிறது. மண் பிடிக்கும்வரை யாருக்கும் வழி இல்லை.

நான் படித்த கான்வென்டில் மதர் சொல்வார், ஒரு கட்டளையில் காற்புள்ளி இருந்தால் அதன் வழியாக ஒரு பெண் தப்பித்து ஓடுவாள் என்று.

குறுக்குத் தடங்களில் முள்கிளைகளைப் போட்டுக் கயிறு கட்டினோம். கயிற்றில் கட்ட சிவப்புத் துணி வேண்டும் என்றதும் வாத்து ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கயிற்றில் கட்டும் துணிக்கு ஓரம் எதற்கு என்று கேட்டேன். "பிரிஞ்சு தொங்கினா யார் தெச்சதுன்னு கேப்பாங்கல்ல" என்றாள்.

இந்த வீட்டில் நான்தான் கறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

வாசலில் என் முறை. நீல அங்கி, விசில். விசிலை இதுவரை ஊதியதில்லை. நான் ஒரு பார்வை பார்த்தாலே போதுமானதாக இருக்கிறது.

மதியத்துக்கு மேல் ஒருவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு நினைவு சரியில்லை. கையைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருடமும் அம்மா பிறந்தநாளுக்கு மேல் ஏரிக்குப் போவார்களாம். மூடியது தெரியாதாம்.

"அடுத்த வருஷம் அம்மா இருப்பாங்களான்னு தெரியலைங்க. நான் தூக்கிட்டே போயிடுவேன். அவங்க கால் மண்ணுல படாது."

நியாயமாகத்தான் கேட்டார், குரலை உயர்த்தவில்லை. பலகையைக் காட்டினேன். படித்தார். "நீங்க மனசு வெச்சா..." என்று ஆரம்பித்தார். மனசு வைப்பது என் வேலை இல்லை என்றேன்.

"சரிங்க" என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில் கொக்குக் குளம் என்று சொல்லும் குட்டை இருக்கிறது. அதன் கரைக்கு அம்மாவை நடத்திக்கொண்டு போனார். "ஏரி வந்துடுச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டது காதில் விழுந்தது. "வந்துடுச்சும்மா. இதான்." அந்த அம்மாள் குட்டையையே பார்த்தார். "சின்னதாயிடுச்சு" என்றார்.

நான் செய்தது சரி. சரியாகச் செய்துவிட்டு எதற்கு இதை இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 16, திங்கள்

வாத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் சமையலைக் குறை சொன்னாள். குறை சொன்னபடியே பாதித் தட்டை மூடி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இடுப்பில் புடவை நிற்கவில்லை என்று சிரிக்கிறாள். தன் ரவிக்கைகளைத் தானே பிடித்துத் தைக்கிறாள். அடுத்தவர் அளவை எடுப்பது போலத் தன் அளவை நாடாவில் பார்த்துவிட்டு, "அட, என் கல்யாண வயசு இடுப்பு" என்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளே சொன்னதால் சிரித்தேன்.

கண் மஞ்சளாக இருக்கிறது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது.

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நோயாளி அவள், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு அவராலேயே முழுதாகச் சொல்ல முடியவில்லை. நான் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்.

வாத்து கேட்ட ஒரே கேள்வி: "ஒரு கல்யாண உடுப்பு ஒத்துக்கிட்டிருக்கேன் டாக்டர். முடிச்சுக் குடுத்துடுவேனா?"

"கல்யாணம் எப்போம்மா?"

"ஜூன் கடைசி."

"கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுடுங்க" என்றார்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். எப்போதும் அதற்காகச் சண்டை போடுபவள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீடு பெரிதாகத் தெரிகிறது. முன்பெல்லாம் இந்நேரம் மலையில் இருப்போம். ஆஸ்பத்திரி மருந்து வலியைக் குறைக்கிறது, கூடவே அவளையும் கொஞ்சம் குறைக்கிறது. பாதிப் பேச்சில் கண் மூடுகிறாள்.

இன்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "பாதை எப்போ திறக்குமோ அண்ணி?"

அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அடுத்த வருஷத்துக்கு அடுத்தது" என்றேன்.

"ம். கால மட்டும் நனைச்சா போதும்னு இருந்தது. விடுங்க. குழாய்லயும் தண்ணி வருது."

மே 5, செவ்வாய்

பூங்கா அதிகாரி வீட்டுக்கு வந்தாள். டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவருக்கு யார் சொன்னார்களோ. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். முன்னறையில் உட்காரவைத்தேன். உள்ளே வாத்து கல்யாண உடுப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மறுபக்கம் துறை ஆளுங்க மட்டும் போற மண் ரோடு இருக்குல்ல, அதுல எங்க ஜீப் வாரம் ரெண்டு தடவை மேல் ஏரி அணைக்குப் போகுது. பின் சீட்ல நீங்க ரெண்டு பேர் உக்காந்தா ஜீப்புக்குத் தெரியவா போகுது? காலைல போய் ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அந்த அம்மாவையும் மகனையும் பற்றிச் சொன்னேன். அன்று அவரைத் திருப்பி அனுப்பிய நான் இன்று என் வீட்டு ஆளை ஜீப்பில் ஏற்றினால் அதற்குப் பெயர் என்ன?

"அவங்க வேற, நீங்க வேறம்மா. இத்தனை வருஷம் அந்தப் பாதைக்கு உழைச்சிருக்கீங்க."

"அது கூடாதென்றுதான் அந்த வரியையே எழுதினேன்."

அவள் பழப் பையை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். போகும்போது, "யோசிச்சுச் சொல்லுங்க. நான் எப்ப வேணா வரேன்" என்றாள். யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் கவனித்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

மே 6, புதன்

காலையிலிருந்து பேசவில்லை. மாத்திரையை வாங்கி விழுங்கினாள், நன்றி சொல்வது போலத் தலையை ஆட்டினாள். அவள் எனக்கு நன்றி சொல்வது இதுவே முதல் தடவை. வசைபாடியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலையில் அவளே ஆரம்பித்தாள்.

"நான் உங்ககிட்ட ஜீப் கேட்டேனா அண்ணி?"

"இல்லை."

"அந்தப் பொண்ணா வந்து குடுத்தா. அதையும் வேணாம்னுட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

விதியைச் சொன்னேன். அந்த மனிதரைச் சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்ணனா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"சரி என்றிருப்பார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார். அவர் சரி சரி என்று போனதையெல்லாம் பின்னால் நின்று இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது யாருக்கு? எனக்குத்தானே?"

"நான் செத்ததும் சுடுகாட்டுலயும் வரிசைல நிக்க வெப்பீங்க நீங்க. 'முன்னால ரெண்டு பேர் இருக்காங்க, பொறு வாத்து'ன்னு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சத்தியமாக அடக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகில் எலும்பு எலும்பாகத் தெரிந்தது.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன் இப்படி இருக்கே நீ? ஒரு ஜீப். ஒரு காலைப்பொழுது. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? அந்த மனுஷன் வந்து பாக்கப் போறானா? — இல்லை. பார்க்க மாட்டார் என்பதால்தான் கூடாது. பார்க்க மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் எல்லாமும் செய்கிறார்கள்.

இப்படி எழுத எனக்கு நன்றாகவே வருகிறது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வரவில்லை.

மே 9, சனி

முள்கிளை போட்ட இடங்களில் புல் வந்திருக்கிறதாம். மண் ஆய்வாளர் கடைத்தெருவில் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷம் என்றேன்.

மே 10, ஞாயிறு

அந்த அம்மாவுக்கும் வழி இருக்க வேண்டும், இவளுக்கும் இருக்க வேண்டும். ஆளைப் பார்க்காமல் நிலைமையைப் பார்க்கும் வழி. இது ஏன் எனக்கு மார்ச்சில் தோன்றவில்லை? அப்போது நான் எல்லோரையும் தப்பிக்கப் பார்க்கும் பள்ளிக்கூடப் பெண்களாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 14, வியாழன்

நானே கேட்டுச் சிறப்புக் கூட்டம் கூட்டவைத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, நடக்க முடியாத வயதானவர்களும் நோயாளிகளும் துறையின் வண்டியில் மண் ரோடு வழியாக மேல் ஏரிக்குப் போகலாம். ஒருவருக்கு ஒரு துணை. துணை இல்லாமல் யாரும் போகக் கூடாது, வேடிக்கைக்கு என்று யாரும் தொற்றிக்கொள்ளவும் கூடாது. பதிவு செய்த வரிசைப்படி. யார் எவர் என்ற கேள்வி இல்லை. மெதுநாள் என்று பெயர் வைக்கலாம் என்றேன்.

டீக்கடைக்காரர் சாவகாசமாகக் கேட்டார். "தனக்கு வந்தாத்தான் தலைவலியும் காய்ச்சலும், இல்லீங்களா?"

அதிகாரி எழப்போனாள். நான் உட்காரச் சொன்னேன்.

"ஆமாம். என் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு முதல் கை அவருடையதாகத்தான் எழுந்தது. அப்புறம் எல்லோரும். ஓட்டக்காரர் தன் ஆட்களில் பலசாலிகளை நாற்காலி தூக்க அனுப்புகிறேன் என்றார்.

ஆனால் விதியை மாற்ற வேண்டுமானால் ஒரு மாதம் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பிறகு தலைமை அலுவலகத்தின் கையெழுத்து. இது நான் எழுதிய விதி இல்லை. நான் எப்போதும் மெச்சிக்கொள்ளும் விதி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வாத்து கணக்குப் போட்டாள். விரல் விட்டு எண்ணியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"நல்லது பண்ணியிருக்கீங்க அண்ணி. அந்தக் கிழவியாவது போகட்டும்."

மே 20, புதன்

கல்யாண உடுப்பு முடிந்தது. மணப்பெண் வந்து போட்டுப் பார்த்தாள். இடது தோளில் அரை விரல் பிசகு என்று வாத்து மட்டும் சொன்னாள். எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பெண் போன பிறகு ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னாள். நான் கோத்தேன். அவளால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. நானே தைத்தேன், அவள் சொன்னபடி. கான்வென்டில் தையலில் எனக்குப் பரிசு. "பரிசு குடுத்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள்.

மே 24, ஞாயிறு

அண்டாவில் வெந்நீர் வைத்து அவள் கால்களை அதில் வைத்தேன். பாதம் வீங்கி வழவழவென்று இருக்கிறது, அவளுடையது போலவே இல்லை. வீக்கத்துக்கு நல்லது என்று உப்பெடுத்து வந்தேன்.

"உப்பு போடாதீங்க. ஏரில ஏது உப்பு?"

போடவில்லை. தண்ணீர் ஆறும்வரை அவள் கால்களை எடுக்கவில்லை. அவள் கட்டைவிரலை அசைத்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

கால்களைத் துடைக்கும்போது என் தலையில் கை வைத்தாள். ஏதோ பிடிமானத்துக்கு வைத்தாள் போலிருக்கிறது.

மே 28, வியாழன்

போன் செய்து அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். ஜீப் வருமா என்று கேட்டேன். "நாளைக்குக் காலைலயே வரேன்மா" என்றாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

தப்புத்தான். தெரிந்துதான் கேட்டேன். நாளை மறுநாள் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன். நீல அங்கியைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

வாத்திடம் சொன்னேன். "அண்ணியா பேசறது?" என்றாள்.

மே 29, வெள்ளி

விடிந்ததும் எழுப்பச் சொல்லியிருந்தாள். நான் எழுப்பும் முன்பே விழித்திருந்தாள். உடம்பு துடைத்து, தலை வாரி, அவளே தைத்த ஊதாப் புடவையைக் கட்டிவிட்டேன். ரவிக்கையை இரண்டு பக்கமும் பின் போட்டுப் பிடித்தேன். துண்டு, தண்ணீர், மாத்திரை எல்லாம் பையில் எடுத்து வைத்தேன்.

ஜீப் வந்தது. ஓட்டக்காரரும் வந்திருந்தார், தூக்குவதற்கு. நாற்காலியில் வைத்து வாசல்வரை கொண்டுவந்தோம். எதிர்வீட்டு அம்மாள் கைத்தடியை ஊன்றியபடி கேட் அருகே நின்றிருந்தாள். "எங்கே, ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும், அது வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

வாத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்குங்க தம்பி" என்றாள் ஓட்டக்காரரிடம். "வேண்டாம் அண்ணி. ஜீப்பை அனுப்பிடுங்க. உள்ள போயிடலாம்."

"ஏன்? வலிக்கிறதா?"

"உள்ள போயிடலாம்."

அதிகாரி மெதுவாகத்தான் ஓட்டுவேன் என்றாள், வழியில் நிறுத்தி நிறுத்திப் போகலாம் என்றாள். வாத்து அவள் கன்னத்தைத் தட்டினாள். அவ்வளவுதான்.

முடியவில்லையா, வேண்டாமா — நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்காகத்தான் என்று சொல்லியிருக்க மாட்டாள். வாய் நிறையக் குறை சொல்பவள், இதை மட்டும் சொல்ல மாட்டாள்.

புடவையை மாற்றட்டுமா என்றேன். இருக்கட்டும், நன்றாக இருக்கிறது என்றாள். நாள் முழுக்க அதோடு படுத்திருந்தாள்.

ஜூன் 4, வியாழன்

விடிந்த பிறகு. தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன். உள்ளே போகவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவளுக்கும் இல்லை. அதனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அவளிடம் துணி தைத்தவர்கள். ஆளுக்கொரு அளவு கதை. அவள் அளவெடுக்கும்போது சொன்ன கிண்டல்களைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஒருத்தி, "உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்கம்மா" என்றாள். என்ன பேசுவாள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பரவாயில்லை, எனக்குத் தெரியும் என்றேன்.

இரண்டு தம்ளர் வைத்துவிட்டேன் சாயங்காலம்.

ஜூன் 12, வெள்ளி

விலகல் கடிதம் கொண்டுபோனேன். அதிகாரி வாங்கவில்லை.

"ஜீப் வாசலோட திரும்பிடுச்சும்மா. நீங்க எதையும் மீறலையே."

"மீற நினைத்தேன்."

"நினைச்சதுக்கெல்லாம் நான் கடிதம் வாங்க ஆரம்பிச்சா ஆபீஸ்ல இடம் இருக்காது."

கெட்டிக்காரப் பெண். ஆனால் அவளுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. நான் மீறாமல் இருந்தது என் கட்டுப்பாட்டால் இல்லை, வாத்து விட்டுக்கொடுத்ததால். அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது ஆள் இல்லை.

ஜூலை 7, செவ்வாய்

மெதுநாளுக்கு அனுமதி வந்துவிட்டது. ஆட்சேபணை ஒன்றுகூட இல்லையாம்.

ஆகஸ்ட் 1, சனி

முதல் மெதுநாள். வாசலில் நான்தான் நின்றேன். ஆறு பேர், அவர்களுக்குத் துணை ஆறு பேர். சக்கர நாற்காலியில் ஒரு தபால்காரர், ஆக்ஸிஜன் குழாய் மாட்டிய ஒரு பெண், கண் தெரியாத ஒரு பெரியவர் (ஏரியைப் பார்க்க முடியாதே என்று எவனோ கேட்டதற்கு, "நீ பாத்துட்டு என்னத்தக் கிழிச்சே?" என்றார்). பதிவைச் சரிபார்த்து ஒவ்வொருவராக ஏற்றினேன்.

இரண்டாவது ஜீப்பில் ஒரு இடம் காலியாக இருந்தது. "வாங்கம்மா, ஏறிக்கோங்க" என்றாள் அதிகாரி.

"நோயாளியும் துணையும் மட்டும்தான்."

"நீங்க துணையா வாங்க."

"நான் யாருக்குத் துணை?" என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. விதியைத்தான் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். கொடுக்கவில்லை.

செப்டம்பர் 5, சனி

இரண்டாவது மெதுநாள். மழை. வண்டி போகவில்லை. வந்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை, அதுதான் ஆச்சரியம்.

அக்டோபர் 3, சனி

இன்று தனியாக ஒரு அம்மாள் வந்தார். என்னைவிட மூத்தவர். துணைக்கு வருவதாகச் சொன்ன மருமகனுக்கு வேலை வந்துவிட்டதாம். துணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று சொல்லத் தொடங்கினேன். அவர் வாதாடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பின் வாரை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார், திரும்பிப் போவதற்காக.

அதிகாரி என்னைப் பார்த்தாள். நான் நீல அங்கியைக் கழற்றி டீக்கடைக்காரரிடம் கொடுத்தேன்.

"குடுங்க, இன்னிக்கு 'இல்லை' நான் சொல்றேன்" என்றார். "உங்க அளவுக்கு வராது. முயற்சி பண்றேன்."

மண் ரோடு நன்றாகக் குலுக்குகிறது. அவளுக்கு வலித்திருக்கும்.

ஏரி அப்படியேதான் இருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைப் பாறையில் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீரில் இறங்கியதில்லை. அந்த அம்மாள் இறங்க வேண்டும் என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். கரையிலிருந்து கை எட்டவில்லை. "நீங்களும் இறங்கித்தான் ஆகணும் போல" என்றார்.

இறங்கினேன். புடவைக் கரை நனைந்தது. இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை.

"இந்த ஏரி உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார்.

"என் நாத்தனாருக்குப் பழக்கம்" என்றேன்.

அவர் என் தோளை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜீப் ஹாரன் அடிக்கும்வரை அங்கேயே நின்றோம்.